மூன்று ஜன்னல்களும் ஒரு சின்னக் கதவும்

பருத்திக்குளத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும், ஆணுறை கிழிந்த இரவுக்கு அடுத்த நாள் காலையில் அந்த வீட்டுச் சுவரில் ஜன்னல் முளைக்கும். ஆணுறையே இல்லாமல் போன இரவுக்கும் அப்படித்தான். மழை பெய்தால் காளான் வருவது மாதிரி. அக்கம்பக்கத்தார் இரண்டு நாள் பார்க்காதது போல இருந்துவிட்டு, மூன்றாம் நாள் திரைச்சீலைக்குத் துணி கொடுத்து அனுப்புவார்கள். பூப்போட்ட துணி வந்தால் பிரியம். கோடுபோட்ட துணி வந்தால் வெறும் மரியாதை.

செண்பகவல்லி வீட்டில் அது முளைத்தது ஒரு திங்கட்கிழமை. அவள் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊரில் பாதிப் பெண்கள் அவளிடம்தான் பிரேக் பிடிக்கப் பழகினார்கள் என்பதால் எல்லாருக்கும் அவள் டீச்சர். வயது முப்பத்தாறு. கணவனை முறைப்படி பிரிந்து, சுடலைமுத்து அண்ணாச்சியின் வீட்டில் ஒரு பக்கத்தை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தாள். முந்தின நாள் கடற்கரை ஊரான புன்னைத்துறையில் ஒரு சிநேகிதி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அங்கே பேண்டு செட்டில் அருளப்பன் என்பவன் டிரம்பெட் ஊதினான். மாப்பிள்ளை அழைப்பில் அவளைப் பார்த்துக்கொண்டே ஒரு சுரத்தைப் பிடித்தவன் அதை விடவே இல்லை. மாப்பிள்ளையின் அப்பா நாற்காலி கேட்டு உட்கார்ந்தார், மாப்பிள்ளையின் குதிரை தூங்கிவிட்டது, சுரம் முடிந்தபோது செண்பகவல்லிக்குக் கால் தரையில் இல்லை. மீதி எதிர்த்த லாட்ஜில் நடந்தது. உறை இருந்தது. கிழிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துவிட்டு வேறு எதையோ பேசினார்கள்.

முதல் பஸ்ஸில் வீடு திரும்பியபோது மேற்குச் சுவரில் மூன்று ஜன்னல்கள் இருந்தன. ஒன்று சின்னது, ஒன்று நடுத்தரம், ஒன்று கூரையைத் தொடும் உயரம். மூன்றும் சாத்தியிருந்தன. ஓரமாக ஒரு கதவு மட்டும் திறந்து கிடந்தது. அது ஆள் உயரம் இருந்தாலும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகியது.

சுடலைமுத்து அண்ணாச்சி வந்து வாசலில் நின்றார்.

"என்ன டீச்சர், மூணா?"

"மூணுதான் அண்ணாச்சி."

"மேக்கு வெயில் பூராம் உள்ள எறங்குமே."

"தொறந்தாத்தான எறங்கும்."

"அது சரி. ஆனா கதவ நம்பாதீங்க. மூணு நாள்தான் இருக்கும். எங்க மச்சினன் இப்படித்தான் கெடந்து யோசிச்சான். கடைசியில எலி போற அளவுக்கு ஆயிட்டு."

அந்தக் கதவு வழியாக உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் வாசலில் ஐந்து பெண்கள் பயிற்சிக்குக் காத்திருந்தார்கள். அதைவிட, அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போக யாருக்குக் கால் வரும்? பயிற்சி முடிந்து பார்த்தால் கதவு மார்பளவு இருந்தது. குளித்துவிட்டுப் பார்த்தால் இடுப்பளவு. மறுநாள் காலையில் அது பிரிட்ஜின் அடிப்பக்கத் தட்டு அளவுக்கு வந்திருந்தது.

அவள் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே விட்டாள். கொண்டை இடித்தது, அவிழ்த்துவிட்டாள். தோள் போயிற்று, இடுப்பு போகவில்லை. அண்ணாச்சி மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பாதத்தைத் தள்ள, அவருடைய சம்சாரம் பேச்சியக்கா மறு பாதத்தைத் தள்ளினாள்.

"மூச்ச உள்ள இழு தாயி. நேத்து மத்தியானம் அந்த ரெண்டாவது வட ஒனக்கு வேண்டாதது."

அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில், ஆலோசகர் நாச்சியாரின் மேசைக்கு அடியிலிருந்து செண்பகவல்லி வெளியே வந்தாள். நாச்சியார் தன் கால்களை ஒதுக்கி வழிவிட்டாள்.

"வாங்க. தலை பத்திரம், டிராயர் நீட்டிக்கிட்டு இருக்கு. என்னைக்கு நடந்தது?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி."

"நல்லவேளை வந்தீங்க. மூணு நாளு தாண்டிட்டா எச்.ஐ.வி.யத் தடுக்குற மாத்திரையால பிரயோஜனமில்ல. வெள்ளனவே வந்திருந்தா இன்னும் நல்லது."

டாக்டர் சில கேள்விகள் கேட்டார். அவனுக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா இல்லையா என்று தெரியாது என்றாள். டாக்டர் யோசித்து, மாத்திரை ஆரம்பிப்பது நல்லது என்றார். இருபத்தெட்டு நாள், ஒரு நாளும் விடாமல். கர்ப்பம் தங்காமலிருக்க இன்னொரு மாத்திரையும் கொடுத்தார். அன்றைக்கே கொஞ்சம் ரத்தமும் எடுத்தார்கள்.

"இது ஞாயித்துக்கிழமைக்கு முன்னால நீங்க எப்படி இருந்தீங்கன்னு சொல்லும்" என்றாள் நாச்சியார். "ஞாயித்துக்கிழமையப் பத்தி இது ஒண்ணும் சொல்லாது. அதுக்குத்தான் ஜன்னல்."

"எப்ப தொறக்கும்?"

"சின்னது ரெண்டு வாரத்துல. கிளமிடியா, கொனோரியா ரெண்டும் அதுல தெரியும். நடுவுல உள்ளது ஆறு வாரத்துல, எச்.ஐ.வி.க்கு. ஒசரமா ஒண்ணு நிக்கும் பாருங்க, அது மூணு மாசம். எச்.ஐ.வி.ய கடைசியா ஒரு தடவ உறுதிப்படுத்திக்கிடவும், சிபிலிசுக்கும். அதுக்கு முன்னால நெம்பித் தொறக்காதீங்க. ஆனா எரிச்சலு, புண்ணு, வெள்ளப்படுறதுன்னு எது வந்தாலும் ஜன்னலுக்காகக் காத்திருக்கக் கூடாது. தெருவாசல் வழியா நேரா வந்திருங்க."

திரும்பும்போது அவள் தெருவாசல் வழியாகவே வந்தாள். வீட்டில் கதவு தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியிருந்தது. மறுநாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அது மூடிக்கொண்டது.

பேச்சியக்கா பூப்போட்ட துணி கொடுத்தாள். ஸ்கூட்டர் பழகும் பெண்கள் ஐந்து பேரும் சேர்ந்து கிளிப்பச்சையில் ஒரு துணி வாங்கி, அதில் சின்னச் சின்ன ஸ்கூட்டர்களாகத் தைத்துக் கொடுத்தார்கள். எதிர் வீட்டிலிருந்து மட்டும் கோடுபோட்டது வந்தது.

அருளப்பன் தினமும் போன் செய்தான். அவன் அவளை டீச்சர் என்றான், அவள் அவனை மாஸ்டர் என்றாள். அவன் போனில் டிரம்பெட் ஊதுவான். அவள் தோசைக்கரண்டியால் தாளம் போடுவாள். சில நாள் இரண்டு பேரும் காரணமில்லாமல் சிரித்துச் சிரித்து, பேசவேண்டியதை மறந்துவிட்டு வைத்துவிடுவார்கள். ஒருநாள் அவள் கேட்டாள்:

"மாஸ்டர், உங்க வீட்ல ஜன்னல் வந்துச்சா?"

"சிக்னல் சரியில்ல டீச்சர்" என்றான் அவன். சிக்னல் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

அதற்குப் பிறகு அவளுக்குப் பொறுமை போய்விட்டது. சின்ன ஜன்னல் தூக்கத்தில் பல்லைக் கடித்தது. உயர ஜன்னல், அவள் கவலைப்படும்போதெல்லாம் இன்னும் ஒரு சாண் வளர்ந்தது. அண்ணாச்சி ஏணி போட்டுக் கூரை ஓட்டில் இரண்டை எடுத்து வழிவிட வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் அவள் ஆசாரியைக் கூப்பிட்டாள். அவர் உளியைச் செருகிச் சின்ன ஜன்னலை ஒரு விரற்கடை நெம்பினார். மூன்று பேரும் கண்ணை வைத்துப் பார்த்தார்கள். உள்ளே வெள்ளையடித்த சுவர் தெரிந்தது. ஒரு கறை, ஒரு கீறல் கிடையாது.

"ஏயப்பா, என்ன சுத்தம்" என்றார் அண்ணாச்சி.

"நான் பாத்ததுலயே இதான் சுத்தம்" என்றார் ஆசாரி.

செண்பகவல்லி குதித்தாள். மூன்று பேரும் காப்பி குடித்தார்கள். ஆசாரி போனதும் அவள் நாச்சியாருக்குப் போன் போட்டு, வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது, அப்படியானால் தனக்கு ஒன்றும் இல்லைதானே என்று கேட்டாள்.

"டீச்சர், சீக்கிரமாத் தொறந்தா எல்லாருக்கும் வெள்ளச் சுவருதான் தெரியும்" என்றாள் நாச்சியார். "ஒண்ணும் தெரியலங்கிறது வேற, ஒண்ணும் இல்லங்கிறது வேற. மூடி வையுங்க. மாத்திரை போட்டீங்களா இன்னைக்கு?"

போட்டிருந்தாள். ஜன்னலை மூடினாள். அது கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பல்லைக் கடிக்கவில்லை.

இரண்டு வாரம் முடிந்த காலையில் அது தானாகத் திறந்தது. வெயில் வரவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம், நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரி ஆய்வகம் இருந்தது. நாச்சியார் அங்கே முழங்கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.

"பல்லு தேச்சாச்சா? இந்தாங்க டப்பா. காலையில முதல்ல போற சிறுநீரு வேணும்."

டப்பா போயிற்று, சில நாளில் முடிவு வந்தது. நாச்சியார் குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. "கொனோரியா இல்ல. கிளமிடியா இருக்கு."

"எனக்கு ஒண்ணுமே செய்யலயே. எரிச்சல்கூட இல்ல."

"பாதிப் பேருக்கு மேல ஒண்ணுமே தெரியாது. அதான அதோட குணமே. ஏழு நாளு மாத்திரை, போயிரும். சேந்து இருக்கிறது மட்டும் வேண்டாம். உங்க ஆளுகிட்டயும் சொல்லணும். அவரு மாத்திரை எடுக்காட்டி திரும்ப உங்களுக்கே வரும். நீங்க சொல்லுதீங்களா, நாங்க பேரு சொல்லாம சொல்லணுமா?"

"நானே சொல்லுதேன்" என்றாள் செண்பகவல்லி. சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு வாரத்துக்கு மேலாகக் காற்றில் நடந்துகொண்டிருந்தவளுக்கு அன்றைக்குத்தான் பாதத்தில் தரை பட்டது. தரை குளிர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் புன்னைத்துறைக்குப் போனாள். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். ஓர் உப்பளத்திடம் சொன்னாள், ஒரு மைல்கல்லிடம் சொன்னாள். சாலையோரத்தில் நின்ற மாட்டிடம் சொன்னபோது அது தலையைத் திருப்பிக்கொண்டது. அதைப் பற்றி அவள் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டாள்.

அருளப்பன் வீட்டுக்குள் பகலிலும் இருட்டாக இருந்தது. சுவர் முழுக்க நாள்காட்டிகள். அரிசி மண்டி, நகைக்கடை, மாதா படம் போட்டது, போன வருஷத்தது, அதற்கும் முந்தினது. எல்லா நாள்காட்டிகளும் உள்ளிருந்து யாரோ ஊதுவதுபோல மெல்லப் பொம்மிப் பொம்மி அடங்கின.

"வாங்க டீச்சர். டீயா, கலரா?"

"மாஸ்டர், எனக்கு கிளமிடியா இருக்கு. மாத்திரை சாப்பிடுதேன். உங்களுக்கும் இருக்கும். டெஸ்ட் எடுக்கணும்."

ஒத்திகை பார்த்ததில் ஒரு சொல்கூட இதில் இல்லை. அவன் தன் டிரம்பெட்டை எடுத்துத் துடைத்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். நேத்துகூட ரெண்டு கல்யாணம். நல்லாத்தான் ஊதுனேன்."

"ஊதுறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் எழுந்து போய் நாள்காட்டிகளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். எண்ணினாள்.

"ஆறு ஜன்னல் இருக்கு. என்கூட மூணுதான் வந்திருக்கணும்."

"மத்த மூணும் பழசு."

"எவ்வளவு பழசு?"

"உங்களப் பாக்கதுக்கு ரெண்டு வருஷம் முந்தி." அவன் டிரம்பெட்டைக் கீழே வைத்தான். "ஒருத்தங்க. ரொம்ப நாள் இல்ல. அவங்க துபாய்க்குப் போயிட்டாங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. அந்த ஒருத்திக்காக இல்லை, நாள்காட்டிகளுக்காக. இரண்டு வருஷமாக ஒரு மனிதன் ஆணியடித்து ஆணியடித்து வெளிச்சத்தை மறைத்திருக்கிறான். பிறகு அதே கையோடு ஒரு சுரத்தைப் பிடித்து அவளைத் தரையிலிருந்து தூக்கியிருக்கிறான். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அப்போது அரிசி மண்டி நாள்காட்டி பொம்மி, அவள் மூக்கில் வந்து தட்டியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினாள், இன்னும் வந்தது. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் துண்டை எடுத்து நீட்டினான்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க மாஸ்டர்" என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பயமா இருக்கா?"

"இருக்கு."

"எதுக்கு?"

"பெருசா எதாவது இருந்து செட்டுல தெரிஞ்சா, நான் வாய் வச்ச டம்ளர எவனும் எடுக்க மாட்டான். ஊத விடமாட்டானுவ. ஊதலேன்னா நான் யாரு டீச்சர்?"

"டம்ளர்ல ஒட்டாது மாஸ்டர். ஊதுனாலும் ஒட்டாது. இருந்துச்சுன்னா மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு ஊதுங்க. இல்லேன்னா சும்மா ஊதுங்க. எப்படியும் ஊதத்தான போறீங்க?"

அவன் நாற்காலியில் ஏறி முதல் நாள்காட்டியைக் கழற்றினான்.

பழைய ஜன்னல்கள் மூன்றும் எப்போதோ திறந்து கிடந்தன. முதல் ஜன்னலில் புன்னைத்துறை ஆஸ்பத்திரியின் ஆலோசகர், கையில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். அவர் தோளில் ஒரு புறா கூடு கட்டி, இரண்டு குஞ்சு பொரித்திருந்தது. பக்கத்தில் டீ ஆறியிருந்தது.

"வாங்க" என்றார் அவர், குஞ்சுகள் கலையாமல் மெல்லத் திரும்பி. "அருளப்பன்தானே?"

"ரொம்ப நாள் காக்க வச்சிட்டேன் சார்."

"பரவாயில்ல. பிந்தி வந்தா தப்பில்ல, வராமப் போனாத்தான். பழசுக்கு எல்லாம் இப்பவே பாத்திருவோம். போன மாசத்துக்குச் சின்ன ஜன்னல் தொறந்தாச்சு, அதையும் பாத்திரலாம். மத்த ரெண்டுக்கும் நாள் இருக்கு. சட்டக் கைய மடக்குங்க."

ஊசி ஏறும்போது அருளப்பன் கண்ணை மூடிக்கொண்டான். அவளுடைய கையைக் கேட்டான். கொடுத்தாள். வீட்டுக்குள் அத்தனை பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வந்தது. தன் வீட்டில் ஒரு பச்சை நாற்காலி இருப்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவனுக்கும் கிளமிடியா இருந்தது. பழைய நாளுக்கு எச்.ஐ.வி. இல்லை, சிபிலிஸ் இல்லை. அவனும் ஏழு நாள் மாத்திரை சாப்பிட்டான். அந்த நாட்களில் இரண்டு பேரும் விலகி இருக்க வேண்டும் என்பதால் அவள் பருத்திக்குளத்திலும் அவன் புன்னைத்துறையிலும் இருந்தார்கள். நாற்பது கிலோமீட்டர் போதுமான விலகல் என்று நாச்சியார் ஒத்துக்கொண்டாள். டிரம்பெட் சத்தம் மட்டும் சில சமயம் காற்றில் வந்து செண்பகவல்லியின் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்ளும். பழகும் பெண்கள் வண்டி கனக்கிறது என்பார்கள்.

ஆறு வாரத்தில் நடு ஜன்னல் திறந்தது. ரத்தம் கொடுத்தாள். ஒன்றும் இல்லை என்று வந்தது. இந்த முறை வெள்ளைச் சுவர் இல்லை. உண்மையாகவே ஒன்றும் இல்லை. ஆனாலும் உயர ஜன்னல் மிச்சம் இருந்தது. அதுவரை கவனமாக இருங்கள், உறை இல்லாமல் வேண்டாம் என்றாள் நாச்சியார். அருளப்பன் புன்னைத்துறை மருந்துக்கடையில் போய்ச் சத்தமாகக் கேட்டு வாங்கினான். கடைக்காரர் நல்ல உறையாகப் பார்த்து, தேதி பார்த்து எடுத்துக்கொடுத்தார்.

மூன்றாம் மாத முடிவில் அவன் பருத்திக்குளத்துக்கு வந்தான். தன் வீட்டு உயர ஜன்னலில் ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவை இங்கே கேட்டுக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். பேண்டு செட்டையும் கூட்டி வந்திருந்தான், காரணம் சொல்லாமல். அவர்கள் காரணம் கேட்கவில்லை. செட்டுக்கு ஒரு வாசல் கிடைத்தால் போதும். ஐந்து பெண்களும் ஸ்கூட்டரில் வந்து வரிசையாக நிறுத்தினார்கள். பேச்சியக்கா எல்லாருக்கும் ரவா உப்புமா கிளறினாள்.

சில நாள் முன்பு அவளிடம் ரத்தம் வாங்கிக்கொண்டு சாத்தியிருந்த அந்தக் கூரை உயர ஜன்னல் மெல்ல மறுபடி திறந்தது. நாச்சியார் ஸ்டூல் போட்டு ஏறி நின்றிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், புறாக்குஞ்சுகளோடு புன்னைத்துறைக்காரரும் நின்றார்.

"டீச்சருக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் நாச்சியார்.

"மாஸ்டருக்கும் இல்ல" என்றார் அவர்.

செட்டு ஊதத் தொடங்கியது. அருளப்பன் பிடித்த முதல் சுரத்திலேயே பேச்சியக்கா உப்புமாச் சட்டியோடு ஓரடி மேலே போனாள். அண்ணாச்சி சேலை முந்தானையைப் பிடித்து இறக்கினார். ஐந்து பெண்களும் ஹாரன் அடித்தார்கள். எதிர் வீட்டுக்காரர் வெளியே வந்து, கோடுபோட்ட துணிக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆடினார். செண்பகவல்லி யாரையும் பார்க்கவில்லை. மூன்று மாதமாக நெஞ்சுக்குள் பிடித்துவைத்திருந்த மூச்சை மெதுவாக வெளியே விட்டாள். அது போய்க்கொண்டே இருந்தது. எதிர் வீட்டுக் கொடித்துணி எல்லாம் ஒரே பக்கம் பறந்தது.

வேலை முடிந்ததும் ஜன்னல்கள் மூன்றும் சுவரைவிட்டு இறங்கின. சின்னது முன்னால், நடு ஜன்னல் அடுத்து, உயரமானது வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து கடைசியாக. மூன்றும் தெருவில் நடந்துபோய்த் திருப்பத்தில் மறைந்தன. சுவர் பழையபடி மூடிக்கொண்டது. அண்ணாச்சிதான் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே தடவிக்கொண்டு நின்றார்.

"மேக்கு வெயிலு பழகிட்டு டீச்சர்" என்றார்.

அடுத்த மாதம் புன்னைத்துறையில் அருளப்பனின் அக்கா வீட்டில் விருந்து. அக்கா செண்பகவல்லிக்கு மீன் முள்ளை எடுத்து எடுத்து வைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வீட்டில் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஸ்கூட்டரைச் சர்வீசுக்கு விட்டிருந்ததால் இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்பினார்கள். அவன் ஜன்னலோரம் அவளுக்குக் கொடுத்தான். பாதி வழியில் கண்டக்டர் வந்தார்.

"எங்க?"

"பருத்திக்குளம் ரெண்டு" என்றான் அருளப்பன்.

"பருத்திக்குளம் இன்னைக்கு மத்தியானமே கெளம்பி கெழக்கால போயிட்டு இருக்கு. பஸ்சு பழைய இடத்துலதான் நிக்கும். எறங்கி நடந்துக்கிடுவீங்களா?"

"ரொம்ப தூரம் போயிருச்சா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"இல்ல இல்ல. தண்ணித்தொட்டியத் தூக்கிக்கிட்டுப் போகுதுல்லா, மெதுவாத்தான் போகும்."

இறங்கினார்கள். ஊர் இருந்த இடத்தில் சுத்தமாகப் பெருக்கிய செம்மண் கிடந்தது. தூரத்தில் பருத்திக்குளம் கோயிலும் கடைத்தெருவுமாக வெயிலில் அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் அண்ணாச்சியின் வீட்டு முற்றத்தில் பேச்சியக்கா வடகத்தைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்து, சீக்கிரம் வாங்க என்று கையை ஆட்டினாள்.

செண்பகவல்லி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஓடுவமா மாஸ்டர்?"

"ஓடுவம்" என்றான் அவன்.